கைத்துப்பாக்கி உறையும் தவறுதலான வெடிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: கிளாக் என்ற வகைத் துப்பாக்கியில் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு இல்லை. உறையில் இருக்கும்போது தானாக வெடித்துவிடாதா?

பழுதில்லாத கிளாக், விசை (விரலால் இழுத்துச் சுடும் பாகம்) அழுந்தாமல் வெடிப்பதில்லை. ஆனால் அதன் மூன்று பாதுகாப்பு அமைப்புகளும் விசையை இழுக்கும் அந்த ஒரே அசைவில் விலகிவிடுபவை. இழுத்தது விரலா, சட்டைத் துணியா என்ற பேதம் அவற்றுக்கு இல்லை. அதனால் விசையை முழுவதுமாக மூடுவதே உறையின் முதற்கடமை. 2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரெஸ் நியூயார்க் கேளிக்கை விடுதி ஒன்றுக்கு உறையின்றி, இடுப்பில் கிளாக்கைச் செருகிச் சென்றார். அது நழுவியபோது விசை அழுந்தி வெடித்து, அவர் தொடையிலேயே குண்டு பாய்ந்தது.

கேள்வி: உருவும்போதுதானே ஆபத்து அதிகம்?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நான் அதைவிட அஞ்சுவது திரும்ப உறையில் இடும் நொடியை. மேற்சட்டையின் ஓரமோ, குளிராடையின் இழுகயிற்று நுனியில் உள்ள பிளாஸ்டிக் குமிழோ விசை வளையத்துக்குள் சிக்கிக்கொண்டால், துப்பாக்கியைக் கீழே அழுத்தும் கையே விசையையும் அழுத்திவிடும். நாட்பட்ட தோலுறையின் வாய் தளர்ந்து உட்புறமாக மடிந்தாலும் அந்த மடிப்பு விரலின் வேலையைச் செய்துவிடும். கட்டைவிரலால் அழுத்தியதும் வாய் மடிகிறதென்றால் அவ்வுறையைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். திரும்ப இடுவதில் அவசரத்துக்கு இடமே இல்லை: ஆடையை விலக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, சுட்டுவிரலை விசை வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். வெளியே தெரியும் சுத்தியல் (அடித்துக் குண்டை வெடிக்கச் செய்யும் பாகம்) உள்ள, விசையை இழுத்தாலே அது பின்னோக்கி எழும் வகைத் துப்பாக்கியென்றால், சுத்தியலை இறக்கிய பின் அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே இறக்குங்கள். ஏதாவது விசையில் இடித்தால் சுத்தியல் பின்னோக்கி எழுவது விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: துப்பாக்கியைப் பிடித்துவைக்கும் பூட்டைச் சுட்டுவிரலால் பொத்தானை அழுத்தி விடுவிக்கும் உறைகள் பாதுகாப்பானவையா?

பிளாக்ஹாக் நிறுவனத்தின் செர்பா உறை இவ்வகையைச் சேர்ந்தது. விரலை நீட்டியபடியே பொத்தானை அழுத்தினால் சிக்கல் இல்லை. பதற்றத்திலோ விரல்நுனியால் குத்தி அழுத்துகிறோம். துப்பாக்கி மேலெழும்போது, வளைந்த அந்த விரல் நேராக விசைமீதே போய் விழக்கூடும். அமெரிக்கப் பயிற்சிக் கூடங்கள் பல இதைத் தடைசெய்தது சரியே என்பது என் உறுதியான கருத்து. கட்டைவிரலால் விடுவிக்கும் பூட்டையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: விளக்குப் பொருத்திய துப்பாக்கிக்கு?

விளக்கு பருமனாக இருப்பதால் உறையின் வாயும் அகன்றே இருக்கும். குண்டுகளை அகற்றிய துப்பாக்கியை உறையில் இட்டு, மேலிருந்து பாருங்கள். இடைவெளி வழியே விரல் விசையைத் தொட்டால் அந்த உறை வேண்டாம்.