மலைல ஏத்தினா வாரன்டி கெடையாதாம்!

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். சேலத்துல ஒரு பழைய கார் டீலர்கிட்ட 4,40,000 ரூபாய்க்கு 2016 மாடல் டீசல் கார் ஒண்ணு பில்லோட வாங்கினேன், குடும்பத்துக்குத்தான். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 6 மாசம் வாரன்டின்னு புக்லெட் குடுத்தாங்க. மூணாவது வாரம் ஏற்காடு மலைல நாகலூர்ல இருக்க மாமியார் வீட்டுக்கு கெளம்பி 9வது கொண்டை ஊசி வளைவுல ஹீட் ஆகி நின்னுடுச்சு. ஹீட் மீட்டர் முள்ளு மேல போனதுமே ஆஃப் பண்ணிட்டேன். இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்க ஹெட் கேஸ்கெட் போயிடுச்சாம். "மலைல ஏத்தினீங்க, அது முறையற்ற உபயோகம், அதுவுமில்லாம தேய்மானம், வாரன்டில வராது"ன்னு போன்ல சொல்லிட்டாங்க. செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு கேஸ் போட முடியுமா? ஆர்டிஓ ஆபீஸ்ல புகார் குடுக்கலாமா?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: தம்பி, கேஸு, ஆர்டிஓ எல்லாத்துக்கும் வரேன், மொதல்ல அந்த "மலைல ஏத்தினீங்க" இருக்கு பாருங்க, அத படிச்சதுல இருந்து எனக்கு ஆறவே மாட்டேங்குது. சேலத்துல கடை போட்டு, சேலத்து ஆளுக்கு வண்டிய வித்துட்டு, மலைல ஏன் ஏத்தினன்னு கேக்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! இந்த ஊர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான், வடக்க சேர்வராயன், தெக்க ஜருகுமலை, மேக்க கஞ்சமலை, பெங்களூர் போகணும்னா தொப்பூர் கணவாய், அரூர் போகணும்னா மஞ்சவாடி கணவாய், கொல்லிமலைக்கு சாமி கும்பிட போனா 70 வளைவு, ஏற்காட்டுக்கு 20. அரசு பஸ்ஸு தெனமும் நிக்க எடமில்லாம ஆள ஏத்திக்கிட்டு ஏறுது, காப்பி மூட்டை லாரி எறங்குது, மே மாசம் மலர் கண்காட்சி வந்துட்டா அடிவாரத்துல இருந்து காரா நிக்குது, அதுல பாதிக்கு மேல பழைய காருதான். நாகலூர்ல பொண்ணு எடுத்தவர் மாமியார் வீட்டுக்கு வேற எந்த வழியா போவார்? ரேஸ் ஓட்டினாலோ, அஞ்சு பேர் வண்டில பன்னெண்டு பேர ஏத்தினாலோ முறையற்ற உபயோகம்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். அரசாங்கம் தார் போட்டு வளைவுக்கு வளைவு நம்பர் எழுதி வெச்சிருக்க ரோட்டுல ரெண்டாவது கியர்ல போறது சாதாரண உபயோகம். மலை ஆகாதுன்னா விக்கறப்பவே சொல்லியிருக்கணும், அப்ப சொல்ல வாய் வரல, ஏன்னா சொன்னா சேலத்துல ஒரு வண்டி விக்காது.

மலை நல்ல வண்டிய கெடுக்காது, ஏற்கனவே கெட்டிருக்கறத வெளிய கொண்டாரும். ஏத்தத்துல இன்ஜினுக்கு பாடு அதிகம், மெதுவா போறதால முன்னாடி அடிக்கற காத்து கம்மி, அப்பதான் ஃபேன் சுத்தணும், தெர்மோஸ்டாட் தெறக்கணும், வாட்டர் பம்ப் தள்ளணும், ரேடியேட்டர் அடைப்பில்லாம இருக்கணும். இதோட ரேடியேட்டர் மூடின்னு ஒரு சின்ன சாமான் இருக்கு, அத யாரும் மதிக்கறதே இல்ல. உயரம் போகப் போக தண்ணி சீக்கிரம் கொதிக்கும், கடல் மட்டத்துல 100 டிகிரின்னா ஏற்காடு உயரத்துல, அதாவது சுமார் 1,500 மீட்டர்ல, 95 டிகிரிக்கே கொதிச்சுடும். ஆனா வண்டில அந்த மூடி பிரஷர புடிச்சு வெக்கறதால 120 டிகிரி பக்கம் வரைக்கும் கூட தாக்குப் புடிக்கும், வீட்டு குக்கர் கதைதான். மூடி ரப்பர் வெறைச்சுப் போயிருந்தா பிரஷர் நிக்காது, பாதி மலையிலயே பொங்கிடும், தண்ணி வெளிய போயிடும், தண்ணி இல்லாம ஹெட்டு சூடேறி வளைஞ்சு கேஸ்கெட் வாய் பொளந்துடும். சமவெளில ஓமலூர் வரைக்கும் ஓட்டிக் காட்டினப்ப இதெல்லாம் தெரியாது தம்பி.

வண்டி நல்லா ஆறினப்புறம், அவசரப்பட்டு கைய சுட்டுக்காதீங்க, ரேடியேட்டர் மூடிய தெறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சையோ ரோஸோ கூலன்ட் இருக்கணும். அதுக்கு பதிலா துரு கலந்த செவப்புத் தண்ணி நின்னு, மூடி அடியிலயும் கழுத்துலயும் நகத்தால சொரண்டினா வர அளவுக்கு துரு படிஞ்சிருந்தா, அது மூணு வாரத்துல வந்தது கெடையாது, யாரோ வருஷக்கணக்கா பைப் தண்ணிய ஊத்தி ஓட்டியிருக்காங்க. ஆயில் ஊத்தற மூடிய திருப்பிப் பாருங்க, அடியில வெளுப்பா கொழகொழன்னு ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம். ஹெட்டும் பிளாக்கும் சேர்ற எடத்துல சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கி நிக்குதான்னு பாருங்க, நின்னா யாரோ ஏற்கனவே கை வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் நம்பர் பிளேட்டும் தெரியற மாதிரி வீடியோ எடுங்க.

எடுத்துட்டு வண்டிய அப்படியே வெச்சிருங்க, யாரையும் பிரிக்க விடாதீங்க. இதுல தோத்தவங்கள்ல பல பேர் இங்கதான் தோக்கறாங்க. அவசரத்துக்கு தெரிஞ்ச மெக்கானிக்க வெச்சு கழட்டி, புது கேஸ்கெட் போட்டு, பழசை காயலான் கடையில போட்டுட்டு நுகர்வோர் ஆணையத்துக்கு போனா கோளாறு எங்க இருந்துச்சுன்னு எத வெச்சு காட்டுவீங்க? தகுதியுள்ள ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியர், வண்டிய மதிப்பீடு பண்ற சர்வேயர் யாராச்சும் ஒருத்தர்கிட்ட காட்டி, கோளாறு எவ்வளவு பழசுன்னு எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க. வளைவுல இருந்து எறக்கின ரெக்கவரி வண்டி பில்ல பத்திரமா வைங்க, ஹீட் ஆனதும் நிறுத்திட்டீங்கங்கறதுக்கு அதுல இருக்க நேரம் சாட்சி. முள்ளு செவப்புக்கு போனப்புறமும் உச்சி வரைக்கும் முடுக்கியிருந்தீங்கன்னா டீலர் பேச்சுல நியாயம் இருந்திருக்கும், நீங்க அப்படி பண்ணல. வண்டி நம்பர வெச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பழைய சர்வீஸ் விவரத்தையும் கேளுங்க, முன்னாடியே ஹீட் கம்ப்ளைன்ட் வந்திருந்தா ஜாப் கார்டுல இருக்கும்.

டீலர் போன்ல சொன்னது பதிலே இல்ல. புக்லெட்ல எந்த ஷரத்துப்படி மறுக்கறீங்க, அத எழுத்துல குடுங்கன்னு இன்னைக்கே மெயில் போடுங்க, கூடவே வண்டிய விக்கறதுக்கு முன்னாடி செக் பண்ணதா டிக் அடிச்ச இன்ஸ்பெக்ஷன் ஷீட் காப்பியும் கேளுங்க. அந்த ஷீட்டுலதான் உங்க பலம் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலைல அமலுக்கு வந்தது, அதுல பிரிவு 2(47) என்ன சொல்லுதுன்னா, சரியான சோதனை செய்யாம ஒரு பொருளுக்கு வாரன்டி குடுக்கறதே நியாயமற்ற வணிக நடைமுறை, சோதனை செஞ்சுதான் குடுத்தோம்னு சொன்னா அத நிரூபிக்கற பொறுப்பு சொல்றவங்களோடது. கூலிங் சிஸ்டம் ஓகேன்னு டிக் போட்டிருக்க வண்டில துருத் தண்ணி நிக்குதுன்னா அவங்க வாயடைச்சுப் போகணும்.

செகண்ட் ஹேண்டுக்கு இந்தச் சட்டம் இல்லன்னு எங்கயும் எழுதல. பழசு வாங்கினா அப்படித்தான் இருக்கும், விட்டுடுன்னு சொல்ற சொந்தக்காரங்க நாலு பேர் வருவாங்க, நம்ம பத்திரிகைக்கே அப்படி எழுதினவங்க உண்டு, அவங்களோட எனக்கு ரொம்ப நாளா சண்டை. சீட் துணி கிழிஞ்சா, டயர் தேஞ்சா, பிரேக் பேட் போனா பழசுதான், வாங்கினவர் தலையில. இன்ஜினுக்குன்னு தனியா எழுதிக் குடுத்த வாரன்டிக்கு காசும் வாங்கிட்டு, ஹெட் கேஸ்கெட்ட தேய்மானம்னு தள்ளினா அப்பறம் அந்த வாரன்டில என்னதான் மிச்சம் இருக்கு?

பதில் வரலன்னாலோ மழுப்பினாலோ 15 நாள் டைம் குடுத்து ஸ்பீட் போஸ்ட்ல அக்னாலட்ஜ்மென்ட்டோட நோட்டீஸ் விடுங்க. 1915-க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சு வைங்க, சில டீலருக்கு அதுவே போதும். அதுக்கும் மசியலன்னா சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருக்கறதால கட்டணமே கெடையாது, வக்கீல் வெச்சே ஆகணும்னும் இல்ல, இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்ல இருந்தே போடலாம், பிரச்சினை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். எதிர்தரப்புக்கு பதில் சொல்ல 30 நாள், மிஞ்சிப் போனா இன்னும் 15 நாள். 3 மாசம், பரிசோதனை தேவைப்பட்டா 5 மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நெசத்துல அத விட இழுக்கும், மனச தயார் பண்ணிக்கோங்க. வாரன்டி குடுத்தது டீலரா இல்ல நடுவுல வேற ஒரு வாரன்டி கம்பெனியான்னு புக்லெட் கடைசிப் பக்கத்துல பாருங்க, வேற கம்பெனின்னா ரெண்டு பேரையும் எதிர்தரப்பா போடுங்க, இல்லன்னா ஒருத்தர் இன்னொருத்தர கைகாட்டிக்கிட்டே இருப்பாங்க.

அந்த புக்லெட் இங்கிலீஷ்லதான் இருந்திருக்கும், பொடி எழுத்துல, கையெழுத்து போடற எடத்துல மட்டும் பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. எத்தனை தடவை எழுதிட்டேன், தமிழ்ல பேசி விக்கத் தெரியுதில்ல, தமிழ்ல அச்சடிச்சுக் குடுத்தா என்ன? லாரி பாடி கட்டறவரும் தறி ஓட்டறவரும் ஜவ்வரிசி மில்லுல வேலை பாக்கறவரும் வந்து வாங்கற ஊரு இது, விலக்கு என்னன்னு படிச்சுத் தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இல்லையா? செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்கும் இதையேதான் சொன்னேன், வாயால சொல்ற டச்ச, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம்ங்கறத, பில்லுல எழுதுங்க, திருப்பி விக்கப் போறப்ப அந்தப் பொம்பளைங்க கண்ணக் கசக்கிட்டு நிக்க வேணாம்னு. கடைக்காரங்க சில பேர் இன்னும் எங்கூட பேசறதில்ல. பேசாட்டி போகட்டும், எழுதற வரைக்கும் நானும் விடப் போறதில்ல.

ஆர்டிஓ பத்தி கேட்டீங்க. 2023 ஏப்ரல் 1-ல இருந்து பழைய வண்டி டீலருங்க அங்க அங்கீகாரம் வாங்கித்தான் தொழில் பண்ணணும், வண்டி அவங்க கைக்கு வந்தத பதிவும் பண்ணணும். உங்க டீலர்கிட்ட அது இல்லன்னா தாராளமா புகார் குடுங்க. ஆனா ரிப்பேர் காச ஆர்டிஓ வாங்கித் தர மாட்டாங்க, அதுக்கு ஆணையம்தான். அங்க போறதுக்கு முன்னாடி ஆர்சி உங்க பேருக்கு மாறிடுச்சான்னு பாருங்க, மாறலன்னா இந்த வாரமே அத முடிங்க, வண்டி ஒங்களோடதுன்னு காட்ட பில்லோட சேர்த்து மொதல்ல கேக்கற பேப்பர் அதுதான்.