"வயசானவங்கதானே" என்றார்கள்

புதிதாக நர்ஸ் வேலைக்கு வருபவர்களுக்கு முதிய நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது மனதளவில் எப்படி இருக்கும், போகப் போகப் பழகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை பழகிவிடும். இழப்பு எனக்கு இன்னும் பழகவில்லை.

படிப்பு முடிந்ததும் என்னை முதலில் போட்டது முதியோர் வார்டில். முதல் வாரம் முழுக்கப் பயம்தான். அவர்களுடைய தோல் அவ்வளவு மெல்லியது, பிளாஸ்டரை அவசரமாக உரித்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். நரம்பு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஊசியை வைத்ததும் நழுவி ஓடும். இரண்டாவது தடவை குத்தப் போகும்போது என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி, "பரவாயில்லம்மா, மெதுவா போடு" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

அப்புறம் ஒரு நைட் ட்யூட்டி. பகலில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த தாத்தா, ராத்திரி ட்ரிப்பைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, வாசலில் அம்மா நிற்கிறாள் என்று எழுந்து போகப் பார்த்தார். தடுத்த என்னை அடித்தார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. சீனியர் சிஸ்டர்தான் இது டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம் என்று புரியவைத்தார். மறதி நோய் மாதிரி மெல்ல மெல்ல வராது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று வந்து, கூடிக் குறையும். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த மாத்திரை என்று ஏதாவது பின்னால் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். சத்தமே இல்லாமல் சோர்ந்து கிடக்கிற டெலிரியமும் உண்டு, தூங்குகிறார் என்று நாம் விட்டுவிடுவோம். சிஸ்டர் அந்தத் தாத்தாவுக்குக் கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாவைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டார். அவர் சொல்ல ஆரம்பித்தார், குரல் மெல்ல இறங்கியது. அவர்மீது கோபப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் என்னை அதிகம் அரித்தது நேரமின்மை. தானாகப் புரள முடியாதவரைப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், மருந்து, டயப்பர், சார்ட் எல்லாம் வரிசையாகக் காத்திருக்கும். "கொஞ்சம் உட்காரும்மா" என்று கையைப் பிடிப்பவரிடம் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு, ட்யூட்டி முடியும்வரை போக முடியாமலே போகும். மார்லீன் கிரேமர் என்ற அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் 1974-லேயே இதை 'யதார்த்த அதிர்ச்சி' என்று எழுதியிருக்கிறார்: படித்த பராமரிப்பு ஒன்று, வார்டில் செய்ய முடிவது வேறொன்று. அதைத் தெரிந்துகொண்டபோது, தவறு என்னிடம் மட்டும் இல்லை என்று கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஊசி போடும்போது எனக்குத் தைரியம் சொன்ன அந்தப் பாட்டியிடமும் நான் ஒரு சாயங்காலம் "இதோ வரேன்" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் நான் ட்யூட்டிக்கு வந்த கொஞ்ச நேரத்தில் இறந்துபோனார். சீனியரும் நானும் சேர்ந்து உடம்பைத் துடைத்தோம். தாடை இறுகுவதற்கு முன்னால் பல்செட்டை மாட்டினோம், வீட்டார் பார்க்கும்போது அவர் முகமாகவே இருக்க வேண்டும் என்பதற்காக. தலையை நான் வாரிவிட்டேன். மதியத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அழுதேன். "வயசானவங்கதானே, போற வயசுதானே" என்றார்கள் கூட இருந்தவர்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் அதற்குப் பிறகு அழவே கூச்சமாகிவிட்டது. நான் அவருக்கு உறவு இல்லை, ஆனால் பதினெட்டு நாள் தினமும் தலை வாரியிருக்கிறேன். துக்கப்பட உனக்கு உரிமை இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் நினைத்துவிடுகிற இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989-இல் எழுதியிருக்கிறார். புதிதாக வரும் நர்ஸ்கள் பலர் இதைச் சுமந்துகொண்டுதான் அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள்.

போன மாதம் எங்கள் வார்டில் ஒரு ஜூனியர் துணி அறைக்குள் போய் நின்று அழுதுகொண்டிருந்தாள். அன்று காலையில்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் இறந்துபோயிருந்தார். "அவர் எப்படிப்பட்டவர், சொல்லு" என்று கேட்டேன். மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாராம். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவளுடைய நோயாளிகளை நான் பார்த்துக்கொண்டேன்.