டிபி மருந்து சாப்பிட்டும் நெஞ்சில் மறுபடி நீர் கோர்ப்பது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. இளவயதில் அனல் மின்நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக, பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றும் வேலை பார்த்தார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. சில மாதங்களாக மூச்சுத்திணறல், வலது பக்கம் நெஞ்சுவலி. இரண்டு முறை நீர் எடுத்தார்கள். அதில் புற்றுநோய் செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததால் டிபி மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆகியும் மறுபடி நீர் கோர்த்துவிட்டது. இப்போது வேறொரு டாக்டர் 'மீசோதீலியோமா'வாக இருக்கலாம், பயாப்சி வேண்டும் என்கிறார். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். அப்பாவின் துணிகளை அம்மாதான் துவைத்தார். எங்கள் வீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். எங்களுக்கும் வருமா?

பதில்: முதலில் பயாப்சிக்குச் சம்மதியுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நுரையீரலைச் சுற்றி மெல்லிய இரண்டு அடுக்கு உறை இருக்கிறது. ஈரமான இரண்டு பாலிதீன் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுபோல, நாம் மூச்சு விடும்போது அவை உரசாமல் நகர்கின்றன. அந்த உறையில் வரும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. இது நுரையீரல் புற்றுநோய் அல்ல, புகைபிடிப்பதால் வருவதும் அல்ல. அப்பா சிகரெட் தொடாதவர் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

பெரும்பாலும் காரணம் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார். கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் மூச்சோடு உள்ளே போய் மெல்ல உறைவரை நகர்ந்துவிடும். உடலால் அவற்றைக் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியே தள்ளவும் முடியாது. பல ஆண்டுகள் அங்கேயே உறுத்திக்கொண்டிருந்து செல்களின் மரபணுவைக் கெடுக்கின்றன. தூசியைச் சுவாசித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையில் சாதாரணமாக 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடும். அதனால்தான் யாரும் பழைய வேலையை நினைவில் வைத்துக் கேட்பதில்லை. 1960-ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய சகாக்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதுதான் இந்தத் தொடர்பு உலகுக்கு உறுதியானது. நீலக் கல்நார் தோண்டிய வட கேப் பகுதியைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பெரும்பாலானோர். சுரங்கத்தில் இறங்காமல் பக்கத்தில் குடியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

டிபி மருந்து ஆரம்பித்த டாக்டர்மேல் கோபப்படாதீர்கள். நம் ஊரில் ஒரு பக்கம் நீர் கோர்த்தால் முதலில் டிபியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் நீர் திரும்பினால், அதுவும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவருக்குத் திரும்பினால், கேள்வியை மாற்ற வேண்டும். நீரில் புற்றுநோய் செல் இல்லை என்ற ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியடைய முடியாது. இந்த நோயில் நீர்ப் பரிசோதனை பல சமயம் கோட்டைவிடும். நெஞ்சில் சிறு துளையிட்டு, கேமரா வழியாக உறையைப் பார்த்துச் சதையெடுக்கும் தொராக்கோஸ்கோப்பிதான் நம்பகமானது. அந்தச் சதையில் கால்ரெடினின் போன்ற சிறப்புச் சாயப் பரிசோதனைகளும் செய்யச் சொல்லுங்கள். நுரையீரல் புற்றுநோய் உறைக்குப் பரவியிருக்கிறதா, உறையிலேயே பிறந்ததா என்று அதில்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

சொந்தக்காரர்கள் சொல்வதில் துளி உண்மை இருக்கிறது. மீசோதீலியோமாவில், ஊசியோ குழாயோ போன தடத்தில் சிலருக்குச் சிறு கட்டி வளர்வதுண்டு. அது வந்தால் கதிர்வீச்சு கொடுத்து அடக்கலாம். அந்தப் பயத்தில் நோயின் பெயரே தெரியாமல் மருந்து கொடுப்பதுதான் பெரிய ஆபத்து.

உறுதியானால் என்ன செய்வது? மறைக்காமல் சொல்கிறேன், முழுதாகக் குணமாவது மிக அரிது. சிகிச்சை மூச்சை எளிதாக்கவும் நாட்களைக் கூட்டவும்தான். பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கவிளைவு கடுமையாகும். நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வில் சராசரி ஆயுள் கீமோவில் சுமார் 14 மாதம், இதில் 18 மாதம். மூன்று ஆண்டு தாண்டி இருந்தவர்கள் கீமோவில் 15 சதவீதம், இதில் 23 சதவீதம். விலை பயங்கரம். கடன் வாங்குவதற்கு முன், அப்பாவுக்கு வந்திருப்பது எந்த வகை என்று கேளுங்கள். சார்கோமட்டாய்டு என்ற வகையிலும் அது கலந்த வகையிலும்தான் இந்த மருந்தின் பலன் கீமோவைவிட அதிகம் தெரிகிறது. நீர் திரும்பத் திரும்ப வந்தால், டால்க் பொடி செலுத்தி உறைகளை ஒட்டவைக்கலாம். அல்லது வீட்டிலேயே நீரை வடிக்க ஒரு மெல்லிய குழாய் பொருத்தலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் நடந்த மார்ஸ் 2 ஆய்வில் கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட அறுவையும் செய்துகொண்டவர்களின் நிலை மோசமாக இருந்தது.

அப்புறம், தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. பழைய வேலை அட்டை, பி.எஃப். சீட்டு, கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம் என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது லேசில் கிடைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும்.

அம்மாவைப் பொறுத்தவரை உங்கள் பயம் நியாயமானது. வேலைத்துணியை உதறித் துவைத்த மனைவிகளுக்கு இந்த நோய் வந்திருக்கிறது. அப்படி வருவது குறைவுதான், முன்கூட்டியே கண்டுபிடிக்க நல்ல பரிசோதனையும் கிடையாது. மூச்சிரைப்போ ஒரு பக்க நெஞ்சுவலியோ தொடர்ந்தால் எக்ஸ்ரே எடுங்கள், டாக்டரிடம் பழைய கதையையும் சொல்லுங்கள்.

கூரை சீட்டில் இழைகள் சிமெண்டோடு இறுகியிருக்கின்றன. உடையாமல் இருக்கும் கூரைக்குக் கீழே குடியிருப்பதால் வரும் ஆபத்து, அப்பா பார்த்த வேலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதை அறுப்பது, துளையிடுவது, பாசியைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பது, இவைதான் தூசி கிளப்பும். மாற்றும்போது தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய சீட்டை உடைத்துப் பாதைக்குக் கொட்டவும் வேண்டாம், கோழிக்கூண்டுக்குக் கேட்கிறார்கள் என்று அறுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.