முத்து வங்கி இல்லை, முத்துப்பார்

நீங்கள் மொழிபெயர்க்கும் மன்னார் வளைகுடா அறிக்கையில் ‘பேர்ல் பேங்க்’ என்பது முத்துப்பார். சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத் திட்டு. கீழக்கரை, மண்டபம் பக்கம் ‘பார்’ என்றாலே போதும்.

‘பேங்க்’குக்கு வங்கி பொருந்தாததால், அகராதியின் அடுத்த பொருளான ‘கரை’யை எடுத்திருப்பீர்கள். அதான் உங்கள் மொழிபெயர்ப்பில் கரை நடுக்கடலில் நிற்கிறது.

பேங்க் வரும் வரியில் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். சிப்பி, மீன், ஃபாத்தம் (கடல் ஆழத்தின் அளவு, சுமார் 1.83 மீட்டர், நம் பாகம்) இருந்தால் கடலடி மேடு. ஆறு இருந்தால் கரை. வட்டி இருந்தால் வங்கி. அதில் யாரும் தடுமாறுவதில்லை.

எல்லா பேங்கையும் பார் ஆக்கிவிடாதீர்கள். குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் பரந்த மீன்பிடி மேடு. பெயரை அப்படியே விடலாம். ‘பேர்ல் ஃபிஷரி’ வந்தால் மீன்பிடிப்பு என்று எழுதாதீர்கள், அது முத்துக்குளிப்பு. பழைய வழக்கில் சலாபம்.