எது கழிவு, எது தேவை என்று சிறுநீரகத்துக்கு எப்படித் தெரியும்?

இரத்தத்தில் இருக்கும் கழிவைச் சிறுநீரகம் எப்படி அடையாளம் கண்டு பிரிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது அடையாளம் காண்பதே இல்லை. சின்னதாக இருக்கும் எல்லாவற்றையும் முதலில் வெளியே விட்டுவிடும். அப்புறம் உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதுதான் சலம், அதாவது சிறுநீர். இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் போகவில்லை.

நான் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். அப்பா கரைவலை இழுத்தவர். அதனால் எனக்கு இது வலைக் கணக்கில்தான் பிடிபட்டது. நல்ல மீன், கெட்ட மீன் என்று வலை பார்ப்பதில்லை. கண்ணைவிடப் பெரியது நிற்கும், சின்னது நழுவிவிடும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சிறுநீரகத்திகள் என்னும் நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் நூல்பந்து மாதிரிச் சுருண்ட மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் கலன்கோளம் என்று படித்திருப்பீர்கள், அதுதான் வலை. இரத்தம் உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் ஒடுக்கம். அதனால் உள்ளே அமுக்கம் கூடி, தண்ணீர், உப்பு, சீனி, யூரியா எல்லாம் பிதுங்கி வெளியே வருகின்றன. இரத்தக் கலங்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடும்.

இப்படி வடிவது நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர். 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்பதை வரிசையாக வைத்துப் பாருங்கள். நாம் கழிப்பதோ ஒன்று, ஒன்றரை லீற்றர். மற்றதெல்லாம் வடிந்த வழியிலேயே, நீண்டு வளைந்த நுண்குழாய்களில், இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. உப்பை இழுத்தெடுக்கக் குழாயின் கலங்கள் சக்தியைச் செலவழிக்கின்றன, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. கடைசியில் எவ்வளவு தண்ணீரை மிச்சம் பிடிப்பது என்பதை மூளையிலிருந்து வரும் ஒரு ஓமோன் தீர்மானிக்கும். சூடான கச்சான் காற்று அடித்து உடம்பு வியர்த்துத் தண்ணீர் குறையும் நாட்களில் சலம் கடும் மஞ்சளாகப் போவது அதனால்தான்.

சீனி முழுவதும் திரும்பிவிட வேண்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது ஏறத்தாழ 180 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் குழாய்களால் முழுவதையும் எடுக்க முடியாது. சலம் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பழைய ஆட்கள் சொன்னது இதைத்தான்.

அப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். ஒருநாள் சலத்தில் நுரை அடங்கவே இல்லை என்றார். பரிசோதனைக் கூடத்தில் இருந்த பிள்ளை குழாயின் மேற்பகுதியைச் சுடரில் காட்டிச் சூடாக்கினா. தெளிவாக இருந்த சலம் அந்த இடத்தில் மட்டும் அவித்த முட்டை வெள்ளை மாதிரிக் கலங்கியது. வலையின் கண் கிழிந்து அல்புமின் வெளியே வருகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியற்றினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்று அதே நாளில் பார்த்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது. சிறுநீரக வேலையில் பாதியளவு குறையும் வரைக்கும்கூட அது எல்லைக்குள் நிற்கலாம். ஆகவே சீனியோ பிரஷரோ உள்ளவர்கள் இரத்தத்தோடு சலத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது மாவட்டத்தின் பதவிசிறிபுர போன்ற விவசாயப் பகுதிகளிலும் வடமத்திய மாகாணத்திலும் 1990களிலிருந்து காணப்படும் சிறுநீரக நோயில் முதலில் அடிபடுவது வலை அல்ல, திருப்பி எடுக்கும் குழாய்கள். அதனால் ஆரம்பத்தில் புரதம் அதிகம் போகாது, நுரையும் தெரியாது. அங்கே நுரை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, கிரியற்றினினையும் பார்க்க வேண்டும்.

டொக்டர் அப்பாவுக்கு லொசாட்டன் குளிசை எழுதினார். "எனக்குப் பிரஷர் இல்லையே மகள், ஏன் பிரஷர்க் குளிசை?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார். இரத்தம் வெளியேறும் அந்த ஒடுங்கிய குழாயை அது கொஞ்சம் அகட்டிவிடும், வலையில் விழும் அமுக்கம் குறையும், புரதம் போவதும் குறையும் என்றேன். (இதை யாரும் தாங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.) அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீரோட்டம் கூடினால் கயிற்றை இளக்கிக் குடுக்கிற மாதிரி" என்றார்.