பேச வேண்டிய இடத்தில் என் மனமே வாயைக் கட்டிப்போடுகிறது. அதை எப்படி அடக்குவது?

அடக்காதீர்கள், அது உங்களுக்குக் காவல் நிற்கிறது. 1980களில் அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் வகுத்த முறை அப்படித்தான் பார்க்கிறது. மனதின் சில பகுதிகள் பழைய காயம் மறுபடி படாமல் முன்கூட்டியே தடுக்கும். சில, வலி கிளம்பியதும் போனிலோ தீனியிலோ நம்மைத் தள்ளிவிடும்.

எனக்கு மீட்டிங் என்றாலே தொண்டை அடைக்கும். ஒரு சாயங்காலம் வேலூர்க் கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து அந்த அடைப்பையே கேட்டேன்: "நீ விட்டுட்டா என்ன ஆகும்னு பயப்படுற?"

"எல்லாரும் சிரிப்பாங்க."

ஆறாம் வகுப்பில், கரும்பலகை முன்னால் விடை தெரியாமல் நின்ற பையன் ஞாபகம் வந்தான். சரி, இத்தனை வருஷம் காத்ததற்கு நன்றி என்று அந்த அடைப்பிடம் சொன்னேன் (கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது). தொண்டை கொஞ்சம் இளகியது. பெரிய அதிர்ச்சி ஏதாவது உள்ளே இருந்தால் மட்டும் தனியாகக் கிளறாதீர்கள், மனநல ஆலோசகர் கூட இருக்கட்டும்.