வார்ப்பு ஈயக் குண்டு சுட்டால் ரைஃபிள் குழலில் ஈயம் ஒட்டுவது ஏன்? எப்படி எடுப்பது?

ஈயம் மென்மையானது, அதனால் ஒட்டுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆண்டிமனி என்ற உலோகத்தைச் சேர்த்துக் கடினமாக்கினாலும் ஒட்டும். பெரும்பாலும் காரணம் அளவுதான். குண்டு குழலைவிடச் சற்று சிறுத்திருந்தால், சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்து, குழலின் சுவரில் பூசிவிடும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுமே! ஆகவே குண்டு, குழலின் பள்ள விட்டத்தைவிட (உள்ளே வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்களின் அடிவரை அளந்த விட்டம்) 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும், 0.308 குழலுக்கு 0.309 அல்லது 0.310. குண்டின் மேல் தேன்மெழுகு கலந்த மசகும் அவசியம்.

சுத்தம் செய்யுமுன் துப்பாக்கி காலியா என்று கண்ணால் பாருங்கள். ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். பழைய பிரஷில் சுத்தமான செம்பு நாரைச் சுற்றி, முடிந்தால் பின்பக்கத்திலிருந்து தள்ளுங்கள். குண்டு வெளியேறும் வாய்ப்பகுதி தேய்ந்தால் குறி கெட்டுவிடும். செம்பு முலாம் பூசிய இரும்பு நார் கூடாது. காந்தம் வைத்தால் தெரிந்துவிடும்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் உண்டாகும் ஈய அசிடேட் கொடிய நஞ்சு, அந்தக் கலவை எஃகையும் அரிக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் புழங்கும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.